எந்தச் சரிவுக்கு எந்தக் கோடரி?

இமயமலைப் பயணத்துக்காக முதல்முறை சாமான் வாங்கப் போகிறவர், ஷூ, ஜாக்கெட், கையுறை எல்லாம் பார்த்து முடித்ததும் பனிக்கோடரிகள் தொங்கும் சுவருக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். வளைந்த கைப்பிடி, பல் வைத்த கூர்முனை, கறுப்பும் ஆரஞ்சுமாக வண்ணம். கையில் எடுத்துவிட்டால் திரும்ப மாட்ட மனம் வராது. ஆனால் மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. தேவைப்படுகிற சிலருக்கும், கண்ணை இழுக்கிற அந்த வளைந்த கோடரி அநேகமாகப் பொருந்தாது. பக்கத்திலேயே நேரான கைப்பிடியோடு சாதுவாக ஒன்று தொங்கும். அவர்களுக்கானது அதுதான்.

முதலில் தேவையில்லாதவர்களைப் பார்த்துவிடலாம். உத்தராகண்டின் கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர் உயரம். பனி மூடிக் கிடக்கும் டிசம்பர், ஜனவரியில்தான் அங்கே கூட்டம். ஆனால் அது ஆட்கள் நடந்து நடந்து அமுங்கிய தடம். ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கும் ஒரு ஜோடி ட்ரெக்கிங் கம்பும் போதும். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு நடையில் 5,000 மீட்டருக்கு மேலே ஒரு கணவாயைத் தாண்டுகிறார்கள். ஆகஸ்டில் அங்கே காலுக்கடியில் பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். உயரத்தை வைத்துக் கோடரி வாங்குவது தப்புக் கணக்கு. இமாசலத்தின் ரூபின் கணவாய் (4,650 மீட்டர்) கொஞ்சம் வேறு. மே, ஜூனில் கணவாயின் உச்சிக்குக் கொண்டுபோகும் கடைசி ஏற்றம், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பனி நிரம்பிய செங்குத்தான ஓடை. அங்கே கோடரிக்கு வேலை இருக்கிறது, ஆனால் வழிகாட்டியின் கையில். அவர் முன்னால் போய்ப் படி வெட்டுவார். மற்றவர்கள் அந்தப் படியில் கால் வைத்து ஏறுவார்கள். நெருக்கியடித்து ஏறும் வரிசையில் பழகாத பத்துப் பேர் கையில் பத்துக் கோடரி இருப்பது, பின்னால் வருகிறவரின் முகத்துக்குத்தான் ஆபத்து.

மணாலிக்கு அருகே உள்ள ஃப்ரெண்ட்ஷிப் சிகரம் (5,289 மீட்டர்) போன்ற இடத்தில் கதை மாறுகிறது. நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, இறுகிய பனியில், ஷூவுக்கு அடியில் நீளப் பல் வைத்த கிராம்பான் மாட்டி ஏற வேண்டும். படி வெட்டிக் கொடுக்க ஆள் இருக்கமாட்டார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோடரி வேண்டும்.

இந்த இரண்டு வகை இடங்களுக்கும் நடுவே கோடு போடுவது எப்படி? சரிவு எவ்வளவு செங்குத்து, பனி எவ்வளவு இறுகியிருக்கிறது, வழுக்கினால் போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டை எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சரிவு மெல்லத் தட்டையாகிப் பெரிய பனி மைதானத்தில் முடிந்தால், வழுக்கி விழுந்தவர் எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரிப்பார். அதே சரிவு பாறைக் குவியலிலோ பனியாற்றின் பிளவிலோ முடிந்தால் 25 டிகிரிகூட அதிகம். பனியும் ஒரே நாளில் இரண்டு விதமாக இருக்கும். மே மாத நண்பகலில் முழங்கால்வரை புதைகிற பனி, மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு ஷூவின் முனை இறங்காத அளவுக்கு இறுகிப்போயிருக்கும். உச்சிக்கு இருட்டிலேயே கிளம்புவது அந்த இறுக்கத்துக்காகத்தான். கோடரி தேவைப்படுவதும் அதனால்தான்.

இறுகிய பனியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 30 டிகிரிச் சரிவு, உராய்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வினாடியில் சுமார் 10 மீட்டர் கீழே போயிருப்பீர்கள். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். 45 டிகிரி என்றால் அதே இரண்டு வினாடியில் மணிக்கு 50. உராய்வு இதில் கொஞ்சம் குறைக்கும். ஆனால் நைலான் ஜாக்கெட்டும் மழைப்பேன்ட்டும் போட்ட உடம்புக்கு இறுகிய பனி தருகிற உராய்வு சொற்பம். அதனால் முதல் ஒன்றிரண்டு வினாடியில் செய்வதுதான் செய்தது. அதற்குப் பிறகு நிறுத்துவது மிகக் கடினம்.

இதைக் கேட்டதும், கோடரி என்பது சறுக்கும்போது குத்தி நிறுத்தும் பிரேக் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த வேலை அதற்கு உண்டு. ஆனால் அதன் முதல் வேலை சறுக்கவே விடாமல் பார்த்துக்கொள்வது. சரிவில் குறுக்காக ஏறுகிறவர் மேட்டுப்பக்கக் கையில் கோடரியின் தலையைப் பிடித்திருப்பார். இரண்டு காலும் ஊன்றியிருக்கும்போது அதன் தண்டை, அதாவது ஷாஃப்டை, பனிக்குள் முடிந்தவரை ஆழமாக இறக்குவார். அது அசையாமல் நிற்க, ஓர் அடி, இன்னோர் அடி. பிறகு கோடரியைப் பிடுங்கி அடுத்த இடத்தில் இறக்குவார். கால் வழுக்கினால், தலையைப் பிடித்த கை விடாமல் இருக்க, இன்னொரு கை ஷாஃப்ட் பனிக்குள் நுழையும் இடத்தைக் கப்பென்று பற்றிக்கொள்ளும். ஆள் அங்கேயே நிற்பார். பயிற்சி முகாம்களில் இதை செல்ஃப் பிலே என்பார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை. யாரும் இதைப் படம் பிடிப்பதில்லை.

செல்ஃப் அரெஸ்ட் எனப்படும் சறுக்கலை நிறுத்தும் உத்தி, செல்ஃப் பிலே கைவிட்ட பிறகு வருவது. ஒரு கை கோடரியின் தலையில், மறு கை ஷாஃப்டின் அடியில். ஷாஃப்ட் மார்புக்குக் குறுக்கே சாய்வாக. கூர்முனை தோளுக்குப் பக்கத்தில் பனியில் இறங்க, உடம்பின் எடை முழுவதும் அதன்மேல். கிராம்பான் போட்டிருந்தால் பாதத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதன் பல் பனியில் மாட்டி ஆளைப் பின்பக்கமாகப் புரட்டிவிடும், கணுக்காலும் போகும். வாசித்தால் புரிந்துவிட்டது போலத் தோன்றும். தலைகீழாக, மல்லாந்த நிலையில் விழுந்தவருக்கு இதெல்லாம் ஒரு வினாடிக்குள் கைக்கு வர வேண்டும். ஆளை விழ வைத்து விழ வைத்துப் பழக்காமல் அது வராது.

இந்த இரண்டு வேலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கோடரியின் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரியும். நீளத்தில் தொடங்குவோம். கடையில் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான், தப்பான பதில் அதிகம் கிடைப்பதும் அதற்குத்தான்.

நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, கோடரியின் தலையைப் பிடித்தால் கீழ்முனை கணுக்காலைத் தொட வேண்டும் என்று ஒரு பழைய விதி இருக்கிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 65 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். தட்டையான தரையில் அது சரிதான். ஆனால் தட்டையான தரையில் கோடரி எதற்கு? 35 டிகிரிச் சரிவில் குறுக்காக நிற்கும்போது, உங்கள் காலிலிருந்து மேட்டுப்பக்கம் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் பனி, கால் வைத்திருக்கும் இடத்தைவிட 28 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கைக்கும் பனிக்கும் நடுவே மிஞ்சுவது 45 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். ஷாஃப்ட் பனிக்குள் கொஞ்சம் இறங்கும் என்பதைச் சேர்த்தால் 55, மிஞ்சினால் 60 போதும். 70 சென்டிமீட்டர் கோடரி வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் முழங்கையைத் தோள்வரை தூக்கிக் குத்த வேண்டும். அரை மணி நேரத்தில் குத்துவதை விட்டுவிட்டு அதை வெறுமனே பனிமேல் வைத்து நடப்பார். சறுக்கலை நிறுத்தும்போதும் நீளம் தொந்தரவு: உடம்புக்குக் குறுக்கே பிடிக்கையில் அடிமுனை இடுப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், பனியில் அது சிக்கினால் கோடரி கையை விட்டுத் திருகிக்கொண்டு போகும்.

ஆகவே, முதல் கோடரி வாங்குகிறவருக்கு என் கணக்கு இது. 165 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் 50 முதல் 55. 165 முதல் 180 வரை 55 முதல் 60. அதற்கும் மேலே 60 முதல் 65. இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் குட்டையானதை எடுங்கள். நீளத்தின் பக்கம் பேச ஒரே ஒரு வாதம் உண்டு: பள்ளத்தைப் பார்த்தபடி இறங்கும்போது, பின்னால் மேட்டில் ஊன்ற நீளமான கோடரி வசதி. வாதம் உண்மைதான். ஆனால் அதற்காக ஏறும்போது படும் அவதியை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கோடரி முன்பு உண்மையிலேயே நீளமாகத்தான் இருந்தது. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஆளுயரக் கழியையும் சின்னக் கைக்கோடரியையும் தனித்தனியாக எடுத்துப்போனார்கள்; 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் சேர்ந்து ஒரே கருவியானது. கையில் ஊன்றி நடக்கவும், நின்றபடி காலடியில் படி வெட்டவும் அந்த நீளம் வேண்டியிருந்தது. கிராம்பான் நன்றாக வந்த பிறகு படி வெட்டும் வேலை குறைந்தது. ஆங்கிலேய மலையேறி ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் பத்துப் பல் கிராம்பானை வடிவமைத்தவர். கோடரியை 85 சென்டிமீட்டருக்குக் குறைத்தவரும் அவர்தான், குறைத்ததற்காகக் கேலி பேசப்பட்டவரும் அவர்தான். 1929இல் லோரான் கிரிவெல் கிராம்பானின் முன்பக்கமும் பல் வைத்தார். அதன் பிறகு செங்குத்தான ஐஸில் படியே இல்லாமல் முன்பல்லில் நின்று ஏற முடிந்தது. 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் கொடிகள் கட்டிய கோடரியைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நீளமான ஷாஃப்ட். அன்றைக்கும் ஹிலாரி உச்சி முகட்டில் படி வெட்டிக்கொண்டேதான் போனார். 1966இல் அமெரிக்கரான இவான் ஷுனார்ட் பிரான்ஸின் ஷார்லே தொழிற்சாலைக்குப் போய், 55 சென்டிமீட்டர் நீளத்தில், கூர்முனை வளைந்த கோடரி ஒன்று செய்து தரும்படி கேட்டார். கையை வீசும்போது உண்டாகும் வளைவோடு முனையும் வளைந்திருந்தால், ஐஸில் போய் உட்கார்ந்து நிற்கும் என்பது அவர் எண்ணம். இன்றைக்கு எந்தக் கடையில் தொங்கும் கோடரியிலும் அந்த வளைவு இருக்கிறது.

ஊன்றி நடக்கும் வேலையை இப்போது ட்ரெக்கிங் கம்புகள் எடுத்துக்கொண்டன. தட்டையான பனியாற்றில் ஒரு ஜோடிக் கம்பு எந்தக் கோடரியைவிடவும் சுகம். சரிவு கூடும்போது கம்பை மடித்துப் பையில் கட்டிவிட்டுக் கோடரியை எடுக்க வேண்டும். அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதில்தான் விபத்து ஒளிந்திருக்கிறது. சரிவின் நடுவில், ஒற்றைக் காலில், பையைக் கழற்ற முடியாது. கீழே தட்டையாக நிற்க இடம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஷாஃப்டின் வடிவம். நேரான ஷாஃப்ட் பனிக்குள் சுலபமாக இறங்கும். முதல் வேலை அதுதான் என்று பார்த்தோம், ஆகவே நேரானதே நல்லது. மேல்பக்கம் கொஞ்சம் வளைந்தவை, செங்குத்தான இடத்தில் கோடரியை ஓங்கி அடிக்கும்போது விரல் பனியில் இடிபடாமல் காக்கும். 40 டிகிரிக்கு மேல் ஏறுகிறவருக்கு அந்தச் சின்ன வளைவு உபயோகம், ஊன்றுவதையும் பெரிதாகக் கெடுக்காது. அடிவரை வளைந்து, கைப்பிடி செதுக்கி, முனை கீழ்நோக்கிக் கொக்கிபோட்டு நிற்கும் கோடரிகள் உறைந்த அருவியிலும் ஐஸ் சுவரிலும் கைக்கு ஒன்றாக ஜோடியாகப் பயன்படுத்துபவை. அவற்றைப் பனியில் ஊன்ற முடியாது. அவற்றால் சறுக்கலை நிறுத்தப் பார்த்தால், ஆழமாகக் கொக்கிபோட்ட முனை பனியைச் சட்டென்று கவ்வும், கோடரி அங்கே நிற்கும், ஆள் மட்டும் கீழே போவார்.

கோடரியில் பி அல்லது டி என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். சில புதிய கோடரிகளில் அதற்குப் பதிலாக 1 அல்லது 2. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பும் ஐரோப்பியத் தர விதியும் வகுத்த சோதனையில் எந்த வகையாகத் தேறியது என்பதை அது சொல்கிறது. பி, 1 என்பவை சாதாரண வகை. டி, 2 என்பவை தொழில்நுட்ப ஏற்றத்துக்கான கூடுதல் வலுவுள்ள வகை. ஷாஃப்டுக்கும் கூர்முனைக்கும் தனித்தனியாகத் தரம் உண்டு என்பதால் ஒரே கோடரியில் இரண்டு எழுத்தும் இருக்கலாம். பனிச்சரிவில் நடக்கவும், சாதாரணச் சிகரம் ஏறவும், பனியாற்றைக் கடக்கவும் பி போதும். டி என்றால் உசத்தி என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எந்த எழுத்தும் இல்லாத கோடரி மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்காதீர்கள். அது சுவரில் மாட்ட.

தலையில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் பிக் எனப்படும் கூர்முனை. மறுபக்கம் ஆட்ஸ், தச்சரின் வாய்ச்சியைப் போன்ற தட்டையான வெட்டுவாய். படி வெட்டவும், கூடாரத்துக்கு இடம் சமன் செய்யவும், கயிறு கட்டப் பனியில் குழி தோண்டவும் உதவுவது இதுதான். ஆட்ஸுக்குப் பதில் சுத்தியல் வைத்தவையும் உண்டு. ஆணி அடித்து ஏறுகிறவர்களுக்கானவை. முதல் கோடரியில் ஆட்ஸ்தான் வேண்டும்.

தலை எஃகா, அலுமினியமா என்ற கேள்வியில் நான் எஃகின் பக்கம். முழுக்க அலுமினியத்தில் செய்த 200 கிராம் கோடரிகள் இருக்கின்றன. காம்ப் நிறுவனத்தின் கோர்சா அந்த வகையில் பேர்பெற்றது. வசந்த காலத்துப் பனியில், ஒரே ஒரு கணவாயைத் தாண்டுவதற்காக, பல நாள் சுமந்து போகிறவருக்கு அது கச்சிதமான தேர்வு. பனிச்சறுக்குக்காரர்களுக்கும் அப்படித்தான். ஆனால் லேசான தலையை ஓங்கி அடித்தால் ஐஸில் இறங்காமல் எகிறும். பாறையில் நாலு தடவை பட்டால் முனை மழுங்கிவிடும். இமயமலையின் சரிவுகளில் பனி, ஐஸ், கல் மூன்றும் மாறி மாறி வரும். எஃகுத் தலையும் அலுமினிய ஷாஃப்டும் கொண்ட 350 முதல் 500 கிராம் கோடரிதான் அங்கே சரி. பிளாக் டைமண்டின் ரேவன், பெட்ஸ்லின் கிளேசியர் எல்லாம் இந்த ஜாதி. நடுவே, எஃகுத் தலையோடு 45 சென்டிமீட்டரில் 240 கிராமுக்கு வரும் பெட்ஸ்ல் ரைட் போன்றவையும் உண்டு. முதல் கோடரியாக அவ்வளவு குட்டையானதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஊன்றுவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஷாஃப்டின் அடியில் உள்ள கூர் ஸ்பைக். இறுகிய பனியில் ஊன்றும்போது முதலில் இறங்குவது அது. எடை குறைப்பதற்காகச் சில கோடரிகளில் ஸ்பைக்கே வைக்காமல் குழாயைச் சாய்வாக வெட்டி விட்டிருப்பார்கள். மெத்தென்ற பனியில் பரவாயில்லை, ஐஸில் வழுக்கும். தனியாகப் பொருத்திய எஃகு ஸ்பைக் உள்ளதா என்று திருப்பிப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் கடையில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி. மலையில் போடப்போகிற கையுறையைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு கோடரியின் தலையைப் பிடித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் உள்ளங்கை அழுந்தப்போவது அங்கேதான். சில தலைகளின் மேல்பக்கம் அகன்று வழவழப்பாக இருக்கும், சிலவற்றில் மெல்லிய தகடு உள்ளங்கையில் குத்தும். பிக் முன்னால் பார்க்கும்படி ஒரு முறை, பின்னால் பார்க்கும்படி ஒரு முறை பிடித்துப் பாருங்கள். பின்னோக்கிய பிடியில் சறுக்கலை நிறுத்த உடனே தயாராக இருப்பீர்கள். முன்னோக்கிய பிடியில் ஊன்றும்போது உள்ளங்கைக்கு வலி குறைவு. எது எப்போது என்பதில் பயிற்றுநர்களுக்குள் சண்டை ஓயவில்லை. உலோகம் குளிரை நேராகக் கைக்குக் கடத்தும் என்பதால் தலையைச் சுற்றி ஃபோமோ துணி டேப்போ ஒட்டிக்கொள்வது பழைய வழக்கம். ஷாஃப்டின் கீழ்ப்பகுதியில் ரப்பர் பிடி இருந்தால் கைக்கு இதம், ஆனால் தடித்த ரப்பர் பனிக்குள் இறங்க மறுக்கும். மெல்லிய ரப்பரோ, உலோகத்திலேயே செதுக்கிய வரிகளோ நடுத்தரமான வழி.

கோடரியைக் கையோடு கட்டும் பட்டையான லீஷைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். வேண்டும் என்பவர்கள் சொல்வது: கை நழுவினால் கோடரி பள்ளத்துக்குப் போய்விடும், பிறகு ஆள் வெறுங்கையோடு நிற்பார். வேண்டாம் என்பவர்கள் சொல்வது: விழும்போது கோடரி கையை விட்டுப் போனால் போகட்டும், மணிக்கட்டில் கட்டியிருந்தால் அது உங்களோடு உருண்டு வந்து, மூன்று கூர்மையான முனைகளால் உங்களையே குத்தும். இரண்டும் நடக்கக்கூடியது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கோடரி மேட்டுப்பக்கக் கைக்கு மாற வேண்டும். மணிக்கட்டில் லீஷ் இருந்தால் அதையும் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், குளிரில், கையுறையோடு. சோம்பல்பட்டு, லீஷ் கட்டிய கையிலேயே கோடரியை வைத்துக்கொண்டு பாதி நேரம் பள்ளத்துப் பக்கம் ஊன்றி ஏறுகிறவர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். அதனால் சாதாரணச் சரிவில் லீஷ் இல்லாமல் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நழுவவிட்டால் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது என்ற இடத்தில், இடுப்பு ஹார்னஸோடு இணைக்கும் நீளமான பட்டை பயன்படும். கை மாற்றினாலும் கழற்ற வேண்டியதில்லை.

கோடரி நங்கூரமாகவும் மாறும். இறுகிய பனியில் குறுக்காகக் குழி தோண்டி, கோடரியைப் படுக்கவைத்து, நடுவில் பட்டி கட்டிப் புதைத்தால், அதிலிருந்து கயிற்றில் ஓர் ஆளை இறக்கலாம், பிளவில் விழுந்தவரை மேலே இழுக்கலாம். 1953 ஆகஸ்ட் 10 அன்று கே2 மலையில் நடந்ததை மலையேறிகள் இன்றும் பேசுகிறார்கள். நோயாளியான ஆர்ட் கில்க்கியை அமெரிக்கக் குழு புயலில் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் வழுக்க, கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி, ஐந்து பேர் சரிவில் இழுபட்டார்கள். மேலே பீட் ஷோனிங் தன் மரக்கைப்பிடிக் கோடரியை, உறைந்துபோய் நின்ற பாறைக்குப் பின்னால் செருகிக் கயிற்றைச் சுற்றி நின்றிருந்தார். அந்த ஐந்து பேரோடு கில்க்கியின் எடையும் சேர்ந்து அந்த ஒரே இடத்தில் தாங்கியது. கில்க்கி சற்று நேரத்தில் அதே மலையில் மறைந்துபோனார். மற்றவர்கள் உயிரோடு திரும்பினார்கள். அந்தக் கோடரி அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகர மலையேற்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்தின் பயிற்சிக் குழு பனிப்பாளச் சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், முறையான கருவிகளோடு போனவர்கள். மேலிருந்து பனிப்பாளம் பெயர்ந்து வரும்போது கையில் இருப்பது எந்தக் கோடரி என்பதால் ஒன்றும் ஆகாது.

எங்கே வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பது பெரிய கேள்வி. உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு கழகம், டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கி டென்சிங் களப்பயிற்சிக்குத் தலைமை வகித்த இமயமலை மலையேற்றக் கழகம், மணாலியில் உள்ள கழகம் ஆகியவை சுமார் நான்கு வாரத்துக்கு அடிப்படைப் பயிற்சி நடத்துகின்றன. கோடரி, கிராம்பான், பனிபூட்ஸ் எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள். ஆகவே பயிற்சிக்கு முன்னால் வாங்க வேண்டாம். நான்கு வாரம் ஒரு கோடரியோடு பழகியவருக்குத் தன் கைக்கு எந்த நீளம், எந்தப் பிடி என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு சிகரம் என்றால் மணாலியிலும் லே நகரிலும் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். எடுக்கும்போது தலையை ஒரு கையிலும் ஷாஃப்டை ஒரு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேறு கேளுங்கள். ஸ்பைக் உருண்டையாகத் தேய்ந்திருக்கிறதா, பிக் பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லீஷ் சாயம் போய் நார் நாராக இருந்தால் அதைக் கடைக்காரரிடமே கழற்றிக் கொடுத்துவிடலாம்.

சொந்தமாக வாங்கினால் முதல் வேலையாக அதில் ஓர் அடையாளம் போடுங்கள். முகாமில் கூடாரத்துக்கு வெளியே பதினைந்து கோடரிகள் ஒன்றாக ஊன்றியிருக்கும்போது, அதிகாலை இருட்டில் எது யாருடையது என்று தெரியாது. வண்ண டேப் இரண்டு சுற்றுப் போதும். 1933இல் எவரெஸ்ட்டின் வடகிழக்கு முகட்டில், ஏறக்குறைய 8,460 மீட்டரில், பெர்சி வின்-ஹாரிஸ் ஒரு கோடரியைக் கண்டெடுத்தார். 1924இல் அதே மலையில் சக மலையேறி மல்லரியோடு காணாமல்போன ஆண்ட்ரூ இர்வினுடையது அது என்று பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த முடிவுக்கு உதவியவற்றில் ஒன்று, மரக்கைப்பிடியில் இருந்த மூன்று கீறல்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது மூன்று முனைகளுக்கும் ரப்பர் உறை மாட்டிவிடுங்கள். விமானத்தில் அது கைப்பையில் போகாது, சோதனைக்குக் கொடுக்கும் பெட்டியில்தான் போகும். மலையில் பையின் பின்னால் உள்ள வளையத்தில், தலை கீழே, ஸ்பைக் மேலே இருக்கும்படி மாட்டுவார்கள். ஜீப்பின் பின் இருக்கையில் ஆறு பேர் அடைந்து உட்காரும்போது அந்த ஸ்பைக் யாருடைய கண் உயரத்தில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழுங்கினால் கைஅரத்தால் மட்டுமே தீட்ட வேண்டும். சுழலும் சாணைக்கல்லில் வைத்தால் சூடேறி, எஃகுக்கு ஏற்றிய பதம் போய்விடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஐஸில் முனை மடங்கும். பனியில் நடக்கிறவருக்குப் பிக் கத்திபோல் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, உருண்டுபோகாமல் இருந்தால் சரி. திரும்பி வந்ததும் துடைத்து, காயவைத்து, எஃகுப் பாகத்தில் மெலிதாக எண்ணெய் தடவி, உறையைக் கழற்றியே வைக்க வேண்டும். ஈரத்தோடு உறைக்குள் கிடந்தால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பழையதை வாங்குகிறவர் ஷாஃப்டில் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். மேற்பூச்சு உரிந்திருப்பது ஒன்றுமில்லை. உலோகம் உள்ளே அமுங்கிய பள்ளம் இருந்தால் வேண்டாம். மரக்கைப்பிடி போட்ட பழைய கோடரி யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பத்திரமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஷோனிங்கின் கோடரி தாங்கியதே என்று மட்டும் அதில் கயிறு கட்டாதீர்கள். மரத்துக்குள் எத்தனை விரிசல் இருக்கிறது என்பது வெளியே தெரியாது.